நாலு திருகும் ஒரு மஞ்சள் விளக்கும்

நெல்லிவாசல்நாடு
18 நவம்பர் 2024

அன்பு மச்சான் ராஜாக்கண்ணுவுக்கு,

என் நம்பரை நீ பிளாக் செய்து வைத்திருக்கிறாய் என்று தெரியும். உன் சவுண்ட் சர்வீஸ் நம்பரையும் முயன்று பார்த்தேன், அதுவும் அப்படியே. உன் பெண்டாட்டி காவியாவின் நம்பர் இருக்கிறது. ஆனால் அவளிடம் ஒன்றைச் சொல்வதும் தினசரியில் முதல் பக்கம் போடுவதும் ஒன்றுதான். தவிர, எங்கள் ஊரில் டவர் கிடைப்பது மாட்டுப்பாறை ஒன்றில்தான். அதில் ஏறி நின்று ஹலோ என்றால், நெல்லி உலுக்குகிறவன் மரத்திலிருந்தபடியே, "லைன்ல யாரு மாமா, சந்தவாசல் மச்சானா? இன்னா, ராசியாய்ட்டீங்களா?" என்று கேட்கிறான். ஆகவே கடிதம். தமிழ்மணி ஜீப்பில் கொடுத்தனுப்புகிறேன். அவன் கவரை வெயிலில் தூக்கிப் பார்க்கிற ஆள் என்பதால் ரேஷன் கடை நோட்டீஸ் ஒன்றை உள்ளே சுற்றி வைத்திருக்கிறேன். அதற்கு நீ பதில் போட வேண்டியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அக்கா செல்லியம்மாளுக்கு இது தெரியக் கூடாது.

என் இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகின்றன. முதலில் காலையில் மட்டும் இருந்தது. இப்போது நினைத்த நேரத்துக்கு வருகிறது, மாமியார் வீட்டு ஆள் மாதிரி. (உன்னைச் சொல்லவில்லை.) நான் வாசிக்கும் பாஸ் கிட்டாரில் இடது கைதான் கம்பியைக் கட்டையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடி தளர்ந்தால் சத்தம் செத்துவிடும். ஒரு சுரம் இடி மாதிரி விழுகிறது, அடுத்தது பூசணிக்காயைத் தட்டின மாதிரி 'டப்' என்கிறது. கலசப்பாக்கம் ரிசப்ஷனில் நடந்தது அதுதான். நீ மிக்ஸர் முன்னால் உட்கார்ந்துகொண்டு மைக்கிலேயே, "பாஸ் வாசிக்கிறவர் சாப்ட்டு வந்து வாசிங்க" என்றாய். நான் என் மைக்கில், "சவுண்டுக்காரருக்குக் காது குத்தி ரொம்ப நாளாச்சு, தூந்துபோச்சு" என்றேன். மாப்பிள்ளை வீட்டார் மிமிக்ரிக்குக்கூட அப்படிச் சிரிக்கவில்லை.

உன் காது நன்றாகத்தான் இருக்கிறது, மச்சான். எனக்குப் பயமே அதனால்தான்.

காணும் பொங்கலுக்கு ஜமுனாமரத்தூரில் நம் குழுவின் கச்சேரி இருக்கிறது. நம்ம கீபோர்டு பிரகாஷ்தான் குழுவுக்கு முதலாளி என்பதால், ஒரு வருஷமாகவே என்னைப் பார்க்கும்போதெல்லாம், "பாஸ்க்குன்னு தனியா ஒரு ஆள் இன்னாத்துக்கு? என் லெஃப்ட் ஹேண்டே போதுமே" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான். சிரித்துக்கொண்டே சொல்கிறவனைப் பற்றித்தான் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். என் விரல் சங்கதி அவன் காதுக்குப் போனால் அத்தோடு நான் ரேஷன் கடை சேல்ஸ்மேன் சந்திரன். வேறு ஒன்றும் இல்லை. ஊரில் பாதிப் பேர் என்னைத் திட்டுவதற்கு மட்டும்தான் பேர் சொல்வார்கள். மேடையில்தான் யாரோ ஒருவன் என் பேரை நல்லபடியாகச் சொல்கிறான்.

கம்ப்ரெஸர் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதாமே. பெரிய சத்தத்தை அமுக்கி, சின்ன சத்தத்தைத் தூக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டமாக ஆக்குமாமே. மாட்டுப்பாறையில் நின்று வீடியோ பார்த்தேன். ஒற்றைத் திருகு உள்ள ஒன்று அழகாக இருக்கிறது. வாங்கவா? எது நல்லது? சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
உன் மாமன் சந்திரன்


சந்தவாசல்
25 நவம்பர் 2024

மாமா அவர்களுக்கு,

வணக்கம். எனக்குக் கோபம் தீரவில்லை. கேட்டது சவுண்ட் விஷயம் என்பதால் பதில் எழுதுகிறேன்.

ஒற்றைத் திருகு வேண்டாம். அது எவ்வளவு அமுக்குகிறது என்று வாசிக்கிற உங்களுக்கும் தெரியாது, மிக்ஸரில் இருக்கிற எனக்கும் தெரியாது. சாதா கிட்டாருக்கென்று விற்பதும் வேண்டாம். மெல்லிய கம்பிக்காகச் செய்தது அது, பாஸின் அடிச்சத்தத்தைத் தின்றுவிடும். ஜனங்களுக்கு வயிற்றில் அதிர வேண்டியது காதில் கொசுவாகக் கேட்கும். டிஜிட்டல் மிக்ஸர் வாங்கினால் ஒவ்வொரு லைனுக்கும் உள்ளேயே கம்ப்ரெஸர் வரும். அதற்கு நான் இன்னும் எத்தனை காதுகுத்துக்கு சவுண்ட் போட வேண்டுமோ தெரியாது.

நாலு திருகு வைத்ததாகப் பாருங்கள். எவ்வளவு சத்தத்துக்கு மேல் போனால் அமுக்க வேண்டும் என்பது ஒன்று. எவ்வளவு பலமாக அமுக்க வேண்டும் என்பது இரண்டாவது. எவ்வளவு சீக்கிரம் என்பது மூன்றாவது. கடைசித் திருகு மொத்தத்தையும் தூக்கிவிடும். முக்கியமாக ஒரு விளக்கு இருக்க வேண்டும். சத்தம் போதுமான அளவு வந்து பெட்டி அதை அமுக்கும்போது விளக்கு எரியும். சத்தம் மெலிந்தால் எரியாது. மேடையில் காது ஏமாறும், விளக்கு ஏமாறாது.

இன்னொன்று. கம்ப்ரெஸர் இருப்பதைத்தான் சமன் செய்யும். இல்லாத சத்தத்தை அது உண்டாக்காது.

டாக்டரைப் பாருங்கள். அக்காவிடம் நான் சொல்லவில்லை. நீங்களே சொல்லுங்கள்.

ராஜாக்கண்ணு

பி.கு.: நோட்டீஸைக் காவியா பார்த்துவிட்டாள். உங்கள் மலையில் துவரம்பருப்பு போடுகிறார்களா என்று கேட்கிறாள்.


நெல்லிவாசல்நாடு
3 டிசம்பர் 2024

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் மூட்டை மறைவில் உட்கார்ந்து படித்தேன். நாலு திருகு சங்கதி எனக்கு உடனே புரிந்துவிட்டது. ரேஷன் வரிசைதான் அது. ஒருவன் எவ்வளவு கத்தினால் நான் எழுந்து போக வேண்டும், போனால் எவ்வளவு அதட்ட வேண்டும், எவ்வளவு சீக்கிரம் அதட்ட வேண்டும். கடைசியாக, பின்னால் நின்று வாய்க்குள் முனகுகிற அம்மாக்கண்ணு மாதிரி ஆட்களின் குரலும் எனக்குக் கேட்கும்படி மொத்த வரிசையையும் முன்னால் இழுக்க வேண்டும். இத்தனை வருஷம் நானே ஒரு கம்ப்ரெஸராக வேலை பார்த்திருக்கிறேன், தெரியாமல்.

ஆகவே நாலு திருகே இருக்கட்டும். ஆனால் எனக்குச் சில சந்தேகங்கள். பலமாக அமுக்குகிற திருகை முழுக்கத் திருகினால் என்ன ஆகும்? தூக்கிவிடுகிற திருகு மட்டும் பெரியதாக வைத்த பெட்டி கிடைக்குமா? ஜெனரேட்டர் கரண்டில் ஓடுமா, பேட்டரி போடலாமா? மேடையில் காலடியில் வைப்பதா, உன் பக்கத்தில் வைப்பதா? காலடியில் வைத்தால் பிரகாஷ் கேட்பானே, இது எதற்கு என்று?

டாக்டர் விஷயத்தை நான் கவனித்தேன். கவனித்து, தாண்டிப் போய்விட்டேன்.

உனக்குக் கோபால்சாமி சித்தப்பாவை ஞாபகம் இருக்கிறதா? முதலில் அவர் கையிலிருந்து சொம்பு விழுந்தது. ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். அப்புறம் கை தொங்கியது. அப்புறம் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கடைசியில் அவர் பேசுவது அவருடைய மாட்டுக்கு மட்டும்தான் புரிந்தது. போன வெள்ளிக்கிழமை கடையில் சர்க்கரை அள்ளும் கரண்டி என் கையிலிருந்து விழுந்தது, மச்சான். விழுந்த சத்தத்தைக் கேட்டுத்தான் விழுந்தது எனக்குத் தெரிந்தது. வரிசையில் நின்ற சாந்தம்மாள் சிரித்தாள். "காலைலயே ஊத்திக்கினியா இன்னா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். குடிகாரன் என்ற பேர் எனக்கு அந்த நேரத்தில் எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா?

உன் அக்கா சும்மா இல்லை. நேற்று டீ தம்ளர் வழுக்கியது. "இன்னாய்யா, கைல எண்ணெய் கிண்ணெய் தடவினு இருக்கியா?" என்றாள். குளிர் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். சாமை மூட்டையில் வண்டு இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை அது.

டாக்டரிடம் போனால் அவர் ஒரு பேர் சொல்வார். பேர் வைக்கும்வரை அது வெறும் மரத்துப்போதல். புரிகிறதா? பெட்டியைப் பற்றி எழுது.

சந்திரன்


சந்தவாசல்
11 டிசம்பர் 2024

மாமாவுக்கு,

தமிழ்மணியிடம் பெட்டி கொடுத்திருக்கிறேன். புதிது இல்லை, என் கடையில் சும்மா கிடந்தது. அவனிடம் சார்ஜர் என்று சொல்லியிருக்கிறேன். பேட்டரி போடாதீர்கள், நடுப்பாட்டில் தீரும். அடாப்டர் உள்ளே இருக்கிறது.

முழுக்கத் திருகினால் பாட்டில் ஏற்றமும் இறக்கமும் போய்விடும். மாவு மிஷின் ஓடுகிற மாதிரி இருக்கும். அட்டாக் என்கிற 'எவ்வளவு சீக்கிரம்' திருகை ரொம்ப வேகமாக வைத்தால் விரல் கம்பியைச் சுண்டும் முதல் சத்தமே நசுங்கிவிடும். கொஞ்சம் தாமதமாக வையுங்கள்.

த்ரெஷோல்ட் என்கிற முதல் திருகில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். நல்ல கையோடு வாசித்தால் ஒவ்வொரு சுரத்துக்கும் அந்த இடத்தில் மஞ்சள் விளக்கு எரியும். என் கடைப் பாஸில் நானே வாசித்துப் பார்த்து வைத்தேன். கோட்டைத் தாண்டித் திருகாதீர்கள்.

ஒவ்வொரு விரலாக அழுத்திப் பாருங்கள். எந்த விரலுக்கு எரியவில்லை என்று எனக்கு எழுதுங்கள். பொய் எழுதாதீர்கள்.

ராஜாக்கண்ணு


நெல்லிவாசல்நாடு
22 டிசம்பர் 2024

மச்சான்,

பெட்டி வந்தது. "சார்ஜர் கனமா கீதே மாமா" என்றான் தமிழ்மணி. பெரிய போனுக்கு என்றேன்.

உன் அக்கா நெல்லிக்காய் பொறுக்கக் காட்டுக்குப் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு மாட்டினேன். முதலில் ஆள்காட்டி விரல். விளக்கு பளிச்சென்று எரிந்தது. நடு விரல். எரிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அந்த இரண்டையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். ஆள் நடமாட்டமுள்ள தெருவை விட்டு இருட்டு சந்துக்குள் போகத் தயங்குகிறவன் மாதிரி.

அப்புறம் மோதிர விரல். ஒருமுறை எரிந்தது. மறுமுறை லேசாக. மூன்றாவது முறை இல்லை. சுண்டு விரலுக்கு ஒன்றுமே இல்லை, மச்சான். அழுத்தினேன். அழுத்துகிறேன் என்று நான் நினைத்தேன். விரல் கம்பிமேல் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. வேறு யாருடைய விரலோ என் கையில் ஒட்டியிருக்கிற மாதிரி இருந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், காதுக்கு எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் கேட்டது. பெட்டி நன்றாகவே வேலை செய்கிறது. நீ போட்ட வெள்ளைக் கோடு மட்டும் இல்லாவிட்டால் நான் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

கோட்டைத் தாண்டித் திருகினேன். நீ திட்டுவாய் என்று தெரியும். கொஞ்சம் திருகினேன், மோதிர விரலுக்கு விளக்கு வந்தது. இன்னும் கொஞ்சம், சுண்டு விரலுக்கும் வந்தது. பிரமாதம் என்று இரண்டு கையையும் கிட்டாரிலிருந்து எடுத்துவிட்டேன். விளக்கு அணையவில்லை. எங்கள் வீட்டு ஒயரிங்கின் 'உம்' சத்தத்துக்கே அது எரிந்துகொண்டிருந்தது. ஆள் தொடாமலே வாசிக்கிற பெட்டியைப் பார்த்தபடி சாமை மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். கரடி வந்தால்கூட நான் அப்படி உட்கார்ந்திருக்க மாட்டேன், ஓடியிருப்பேன்.

திருகைக் கோட்டுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

காணும் பொங்கல் கச்சேரிக்கு என்னால் இரண்டு விரலில் சமாளிக்க முடியும். கடைசிப் பாட்டு ஒன்றில்தான் நாலு விரலும் வேண்டும், அதை வேறு எப்படியாவது ஓட்டிவிடுவேன். பெட்டியை உன் மிக்ஸர் பக்கத்திலேயே வைத்துக்கொள். அங்கே விளக்கு உன் கண்ணுக்கு மட்டும் தெரியும். இந்த ஒரு கச்சேரி மட்டும். அது முடிந்ததும் டாக்டர். செல்லியம்மாள் தலைமேல் சத்தியம் என்று எழுதத்தான் வந்தேன், அவளுக்குத் தலைவலி வந்தால் என்ன செய்வது என்று விட்டுவிட்டேன்.

சந்திரன்


நெல்லிவாசல்நாடு
18 ஜனவரி 2025

என் அருமை மச்சான், கம்ப்ரெஸர் கண்ட கருணைக்கடலே,

ஜமுனாமரத்தூரில் கூட்டம் முடிந்ததும் நீ ஒயர் சுருட்டுகிற சாக்கில் என்னிடம் பேசாமலே வண்டி ஏறிவிட்டாய். கோபம் இன்னும் மிச்சம் என்று நினைக்கிறேன். பரவாயில்லை. இன்றைக்கு நான் யாரையும் மன்னிப்பேன்.

முதல் பாட்டுக்கு நான் துண்டைப் போர்த்திக்கொண்டு மேடை ஓரத்தில் ஒதுங்கி நின்றதை நீ பார்த்திருப்பாய். பனி என்று எல்லோரிடமும் சொன்னேன். இரண்டாவது பாட்டில் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனால் அந்தக் கடைசிப் பாட்டு, மச்சான். அதை ஆரம்பிக்கும்போது கை கல்லாகிவிட்டது. போச்சு, இதோ பூசணிக்காய் என்று கண்ணை மூடிக்கொண்டேன். பார்த்தால், ஸ்பீக்கர் பெட்டிகளிலிருந்து பாஸ் உருண்டு உருண்டு வருகிறது. ஒரு சுரம் விடாமல். சுண்டு விரல் இறங்க வேண்டிய இடத்தில் எல்லாம் கச்சிதமாக இறங்குகிறது. நெல்லிவாசலிலிருந்து லாரியில் வந்திருந்த பையன்கள் எல்லாம் ஆடினார்கள். சாந்தம்மாள்கூடத் தோளைக் குலுக்கினாள், நானே பார்த்தேன். அறிவிப்பாளர் என் பேரை இரண்டு முறை சொன்னார்.

பிரகாஷ் இறங்கி வந்து கை கொடுத்தான். கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான். பொறாமை. மனுஷன்தானே.

இருபது வருஷத்தில் அந்தப் பாட்டை நான் அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை. விரல் சரியாகிக்கொண்டு வருகிறது என்று நினைக்கிறேன். குளிரால்தான் வந்திருக்கும். மாசி பிறந்து வெயில் வந்தால் போய்விடும். ஆகவே டாக்டரை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன். நீ ஒயர் சுருட்டும்போது பெட்டியை நான் எடுத்து வந்துவிட்டேன், அதை எனக்கே கொடுத்துவிடு. தவணையில் தேன் தருகிறேன்.

சந்திரன்


சந்தவாசல்
23 ஜனவரி 2025

மாமா,

இதை எழுதக் கூடாது என்று இருந்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கச்சேரி முழுக்க நான் மேடையைப் பார்க்கவில்லை. மஞ்சள் விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பாட்டில் அங்கங்கே எரியவில்லை. நாலாவதில் பாதி எரியவில்லை. ஆனால் கேட்க ஒன்றும் தெரியவில்லை. நான் அவ்வளவு சரியாக செட் பண்ணியிருந்தேன். என் காதுக்கே தெரியவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. உங்கள் கை கொஞ்சம் கொஞ்சமாகப் போவதை இந்தப் பெட்டி யாருக்கும் காட்டிக்கொடுக்காது. உங்களுக்கும் காட்டாது.

கடைசிப் பாட்டில் பல்லவி தொடங்கியதும் விளக்கு நின்றுவிட்டது. மினுக்கவே இல்லை. லைனில் 'டப் டப்' என்று மட்டும் வந்தது. உங்கள் சத்தத்தைக் குறைக்கும் ஃபேடரை முழுக்க இறக்கிவிட்டேன். பிரகாஷிடம் கை காட்டினேன். அவன் புரிந்துகொண்டு இடது கையில் பாஸை எடுத்துக்கொண்டான். அந்தப் பாட்டுக்கு ஜனங்கள் ஆடினது பிரகாஷின் கைக்கு. நீங்கள் கேட்டதும் அதுதான்.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் வந்து, "அண்ணனுக்கு இன்னா ஆச்சு?" என்று மட்டும் கேட்டான். பொறாமைப்பட்ட முகம் இல்லை அது.

உங்கள் கையா அடுத்தவன் கையா என்று உங்களுக்கே தெரியாத இடத்துக்கு வந்துவிட்டீர்கள். நான்தான் பெட்டி கொடுத்தேன். அதனால் தூக்கம் வரவில்லை.

அக்காவுக்கு எழுதிவிட்டேன். இந்தக் கடிதம் கொண்டுவரும் ஜீப்பிலேயே அவளுக்கும் ஒன்று வருகிறது. உங்களுடையதைவிடச் சின்னது.

ராஜாக்கண்ணு


நெல்லிவாசல்நாடு
28 ஜனவரி 2025

சந்தவாசல் சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர் உயர்திரு ராஜாக்கண்ணு அவர்களுக்கு,

தங்கள் சகோதரி மாட்டுப்பாறைமேல் ஏறி நின்று வேலூர் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டார். நரம்பு டாக்டர் எந்தக் கிழமை இருப்பார், எங்கூட்டுக்காரருக்கு ரெண்டு வெரல் செத்துப்போச்சு, பக்கவாதமா இருக்குமோ என்று கேட்டார். டவர் விட்டுவிட்டு வந்ததால் மூன்று முறை கேட்டார். இப்போது கடைக்கு வருகிறவர்கள் அரிசிக்கு முன்னால் என் கையைப் பார்க்கிறார்கள். அம்மாக்கண்ணு எனக்காக வேண்டிக்கொண்டு கோழி நேர்ந்திருக்கிறாளாம்.

தங்கள் பெட்டி மூலையில் கிடக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளவும்.

சந்திரன், சேல்ஸ்மேன்


சந்தவாசல்
20 பிப்ரவரி 2025

மாமாவுக்கு,

வேலூர் போய் வந்தீர்கள் என்று தமிழ்மணி சொன்னான். டாக்டர் என்ன சொன்னார் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவனுக்கே தெரியவில்லை என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. அக்காவும் பாறை ஏறி எனக்குப் போன் போடவில்லை.

பெட்டிக்கு ஆள் அனுப்ப மாட்டேன்.

போன வாரம் கலசப்பாக்கத்தில் கச்சேரி. பிரகாஷ் இடது கையில் பாஸ் வாசித்தான். வலது கையில் பாட்டைக் கோட்டைவிட்டான். முடிந்ததும், "அண்ணன் எப்ப வர்றாரு?" என்றான். மிக்ஸரில் உங்கள் லைனுக்கு மேல் ஒட்டிய டேப்பில் உங்கள் பேர் அப்படியே இருக்கிறது. நான் கிழிக்கவில்லை.

மைக்கில் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

ஒரு வரி எழுதுங்கள்.

ராசு


நெல்லிவாசல்நாடு
12 மார்ச் 2025

அன்பு ராசு,

ஒரு வரி கேட்டாய். என்னால் அது முடியுமா?

முதலில் டாக்டர். எங்கள் கடைத் தராசின் வயசுகூட இருக்காது, சின்னப் பையன். விரலைப் பார்ப்பான் என்று நீட்டினால், முழங்கையின் உள்பக்கத்தை ஒரு தட்டுத் தட்டினான். சுண்டு விரல்வரை ஷாக் அடித்தது. அப்புறம் நரம்பில் கரண்ட் விட்டுப் பார்க்கும் டெஸ்ட். கையில் ஒயர் ஒட்டி, சின்னதாக அடித்து, அது விரலுக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று மிஷினில் பார்த்தார்கள். முழங்கைவரை நன்றாக வந்த கோடு, முழங்கையைத் தாண்டியதும் படுத்துவிட்டது. நான் திரையைப் பார்க்காமல் உன் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலும் ஒன்றும் நல்ல செய்தி இல்லை.

பக்கவாதம் இல்லை என்றான் பையன். நான் எழுந்து கிளம்பத் தயாரானேன். "சந்தோஷப்படாதீங்க, உக்காருங்க" என்றான். முழங்கையில் நரம்பு நசுங்குகிறதாம். "டெய்லி எங்கயாவது முழங்கையை ஊனி வெப்பீங்களா? டேபிள், ஜன்னல், ஏதாச்சும்?" என்றான். இல்லை என்றேன். வேலையில்? இல்லை. பாட்டு வாசிக்கும்போது? இல்லை. பின்னால் நின்ற உன் அக்கா, "ஜீப்புல" என்றாள்.

அவ்வளவுதான், மச்சான். தமிழ்மணி ஜீப்பில் முன்சீட்டு, ஜன்னலோரம். இத்தனை வருஷமாக அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. ரேஷன் கடைக்காரருக்கு என்று கர்ப்பிணிகள்கூடப் பின்னால் ஏறுவார்கள். நானும் ஜமீன்தார் மாதிரி இடது முழங்கையைக் கதவுமேல் ஊன்றி, எல்லாக் கொண்டை ஊசி வளைவிலும் உடம்புப் பாரம் முழுக்க அதில் விழும்படி, போகிற வருகிறவர்களுக்குக் கையசைத்துக்கொண்டு மலை ஏறி இறங்கியிருக்கிறேன். கதவின் தகரமும் என் கௌரவமும் சேர்ந்து நரம்பை நசுக்கிவிட்டன. நீ யாரிடமும் சொல்ல வேண்டாம். உன் அக்கா பாறையில் நின்று சொல்லிவிட்டாள்.

இப்போது நான் ஜீப்பில் பின்னால், அம்மாக்கண்ணுவுக்கும் அவள் நேர்ந்த கோழிக்கும் நடுவில், கையை நீட்டி வைத்துக்கொண்டு வருகிறேன்.

ஆனால் தாமதமாகிவிட்டது என்றான். கையில் சதை இளைத்திருக்கிறதாம். முழங்கை மடங்காதபடி கட்டு போட்டிருக்கிறார்கள். மாதக் கடைசியில் போக வேண்டும். அதற்குள் விரலில் பலம் திரும்ப ஆரம்பித்தால் கத்தி வேண்டாம். ஆரம்பிக்காவிட்டால் ஆபரேஷன். ஆபரேஷன் செய்தால் இதற்குமேல் போகாமல் நிறுத்தலாம், போனது வரும் என்று எழுதிக் கொடுக்க முடியாது என்றான். நாற்பத்தொன்பது வயசில் நான் முதல்முறையாக ஒரு சின்னப் பையன் சொன்னதற்கு மறுபேச்சு பேசாமல் வெளியே வந்தேன்.

ராசு, எனக்குக் கோபம் உன்மேல் இல்லை. அந்தக் கடைசிப் பாட்டின்மேல். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேனே, அது எதற்கு? இப்போது எந்தச் சத்தம் கேட்டாலும் நம்பப் பயமாக இருக்கிறது. கடையில் தராசு 'கிணுங்' என்றால்கூட யார் போட்டது என்று திரும்பிப் பார்க்கிறேன்.

இன்று மத்தியானம் உன் அக்கா மூலையில் கிடந்த பெட்டியைத் துடைத்து எடுத்து வந்தாள். அதை அவள் இதுவரை சனியன் என்று மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறாள். "மாட்டு" என்றாள். ஸ்பீக்கர் வேண்டாம் என்றேன். சத்தத்தைக் கேட்டு நான் மறுபடி ஏமாற விரும்பவில்லை. கிட்டாரும் பெட்டியும் மட்டும். விளக்கு ஒன்றுதான் பேச வேண்டும். திருகு வெள்ளைக் கோட்டில் இருக்கிறதா என்று அவளே குனிந்து பார்த்தாள். முழங்கைக் கட்டைக் கழற்றாமல், கையை நீட்டி, கிட்டாரைச் சாய்த்து வைத்துக்கொண்டேன்.

சுண்டு விரலை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். சுண்டினேன்.

"வர்ல" என்றாள்.

மறுபடி.

"வர்ல."

மறுபடி. வெளியே புளியை அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. இன்னும் ஒருமுறை, முழு உடம்பையும் அந்த ஒரு விரலுக்கு அனுப்புகிற மாதிரி அழுத்தி, சுண்டினேன்.

"வந்துச்சு."

"நெஜமா?"

"மினுக்குனுச்சு. பாதி."

நான் கண்ணைத் திறக்கவில்லை, ராசு. கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுத்தான் திறந்தேன். இன்னொரு முறை வாசி என்றாள். கை வலிக்கிறது என்று பொய் சொன்னேன்.

இருபத்தாறு வருஷத்தில் எனக்குச் சாதகமாக அவள் ஒரு பொய்யும் சொன்னதில்லை. சமைத்ததில் உப்பு அதிகம் என்றால்கூட, ஆமாம், நீ முகத்தைத் தூக்கினு இருந்தே, அதான் போட்டேன் என்பாள். அதை வைத்துத்தான் சாயங்காலம்வரை கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். பொய் சொல்ல நினைக்கிறவள் முழுசாக எரிந்தது என்றுதானே சொல்வாள்? பாதி என்று எதற்குச் சொல்ல வேண்டும்? ஆனால் வேலூரிலிருந்து வந்த பிறகு அவள் என்னைத் திட்டுவதும் குறைந்துவிட்டது. அதுதான் உதைக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீ மேலே வா. தமிழ்மணியிடம் சொல்லிவிட்டேன், முன்சீட்டு உனக்கு. கையைக் கதவுமேல் வைக்காதே. நீ வந்து பெட்டிக்கு எதிரில் உட்கார், நான் கண்ணைத் திறந்துகொண்டு ஒருமுறை அழுத்திப் பார்க்கிறேன். தனியாகப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் மாமன்,
சந்திரன்